அபாயாவுக்குள் தொண்ணூற்றெட்டு டிகிரி

மைசூன்: யாபா! லேப்டாப் மேல யும்மாவோட கறுப்பு அபாயா அங்கியைப் போர்த்துனது யாரு?

ஃபாலிஹ்: உன் அப்பன்தான். எதுக்குக் கத்துற?

மைசூன்: தொண்ணூத்தெட்டு டிகிரி! நூறைத் தொட்டா தானா அணைஞ்சுடும். அணைஞ்சா, வீடியோ தயாராகுற வேலையை முதல்லேர்ந்து ஓட்டணும்...

ஃபாலிஹ்: தெருவுக்குக் கரண்ட் கொடுக்கிற ஜெனரேட்டர்க்காரன் லைன் மாத்த உள்ள வந்தான் மகளே. திரையில என்ன ஓடுது? உன் மருதாணி ராத்திரி. நம்ம வீட்டுப் பொண்ணுங்க தலையில துணி இல்லாம ஆடிக்கிட்டு இருப்பாங்க. கையைக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றியா?

மைசூன்: நீங்க பாத்தீங்களா?

ஃபாலிஹ்: சீச்சீ! ஊரு பொம்பளைங்களை நான் பார்க்கிறதா? கண்ணை மூடிக்கிட்டுத்தான் போர்த்தினேன்.

மைசூன்: மூடியைச் சாத்தியிருக்கலாமே...

ஃபாலிஹ்: சாத்தினா தூங்கிடும், வேலை நின்னுடும்னு நீதானே சொன்ன? மானமும் போகக் கூடாது, வேலையும் நிக்கக் கூடாது. அதான்.

மைசூன்: பின்னால சூடு வெளியேறுற ஓட்டை பூரா அடைபட்டுப் போச்சு. தொட்டுப் பாருங்க.

ஃபாலிஹ்: ஆ... ரொட்டி சுடலாம் போல.

மைசூன்: மீன் சுடுற கம்பி வலை எங்க? அதுமேல வச்சாத்தான் அடியில காத்து போகும்.

ஃபாலிஹ்: இந்தா. ஃப்ரிட்ஜுலேர்ந்து ஐஸ் எடுத்துட்டு வரவா?

மைசூன்: ஐயோ வேணாம்! வேர்த்து, தண்ணி உள்ள இறங்கிடும். விசிறுங்க, போதும்.

ஃபாலிஹ்: விசிறுறேன். ஆனா சுவத்தைப் பாத்துக்கிட்டுத்தான் விசிறுவேன்.

மைசூன்: ஆவ்! அது என் மூக்கு, யாபா.

ஃபாலிஹ்: மூக்கை நகத்திக்கோ. எவ்வளவு இப்போ?

மைசூன்: தொண்ணூத்தொம்பது... மூச்சு விடாதீங்க...

ஃபாலிஹ்: நான் மூச்சு விட்டா அதுக்கு என்ன?

மைசூன்: கொஞ்சம் வேகத்தைக் குறைச்சுட்டேன். மெதுவா ஓடட்டும். இதுக்குத்தான் கடைத்தெருவுல கொடுக்கலாம்னேன். பெரிய மிஷின், அரை மணி வேலை.

ஃபாலிஹ்: அங்க உக்காந்திருக்கிறது பூராவும் மீசைக்காரனுங்க. இந்த வீட்டுப் பொண்ணுங்க முகம் இந்த வாசலைத் தாண்டாது. அந்தப் பேச்சே வேணாம்.

மைசூன்: சரி, சரி. நாலு மணிக்கு வண்டி வந்துடும். இது முடியாம நான் விமானம் ஏற மாட்டேன்னு காலையில சொன்னேன்ல?

ஃபாலிஹ்: சொன்ன... நல்லா ஞாபகம் இருக்கு.

மைசூன்: அங்க மால்மோவுல உங்க மருமகன் ரெண்டு நாளா வீட்டைக் கூட்டிப் பெருக்கிட்டு இருக்காரு.

ஃபாலிஹ்: இன்னும் ரெண்டு நாள் பெருக்கட்டுமே. குளிர் ஊரு. கை சூடாகும்.

மைசூன்: தொண்ணூத்தி நாலு! இறங்குது யாபா!

ஃபாலிஹ்: ஓ... இறங்குதா.

மைசூன்: என்ன, குரலும் சேர்ந்து இறங்குது?

ஃபாலிஹ்: விசிறி விசிறிக் கை வலிக்குது.

மைசூன்: எண்பத்தியெட்டு. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி... யாபா, அந்த ஜெனரேட்டர்க்காரன் எப்போ போனான்?

ஃபாலிஹ்: இப்பத்தான்.

மைசூன்: இப்பத்தானா? அடுத்த வீட்டுல அவன் சண்டை போட்டுக்கிட்டிருந்தது சமையல்கட்டு வரைக்கும் கேட்டுச்சே. அதைக் கேட்டே முக்கால் மணி நேரம் ஆச்சு.

ஃபாலிஹ்: அப்படியா... எடுக்க மறந்துட்டேன். வயசாச்சு.

மைசூன்: முப்பது வருஷம் கப்பல் இன்ஜின் அறையில இருந்த மனுஷன். காத்து போற வழியை அடைச்சா இன்ஜின் என்னாகும்னு தெரியாதா உங்களுக்கு?

ஃபாலிஹ்: கை வலிக்குதுன்னேன்ல, கொஞ்சம் நிறுத்திக்கிறேன்.

மைசூன்: விசிறியை நிறுத்தாதீங்க. பதில் சொல்லுங்க.

ஃபாலிஹ்: போர்த்துனப்போ மானத்துக்காகத்தான் போர்த்தினேன். அது சத்தியம். அவன் போனதும் எடுக்கத்தான் வந்தேன். கையை வச்சேன், கொதிச்சுது. அணைஞ்சா நீ இன்னிக்குப் போக மாட்டேன்னு தோணுச்சு... கையை எடுத்துட்டேன்.

மைசூன்: யாபா...

ஃபாலிஹ்: உன் யும்மாகிட்ட சொல்லித் தொலைக்காதே. பெட்டியில பேரீச்சம்பழத்தை அடுக்கி அடுக்கி அழுதுக்கிட்டிருக்கா. நானும் அழுதேன்னு தெரிஞ்சா இந்த வீட்டுல எனக்கு என்ன மரியாதை இருக்கும்? ...அது என்ன சத்தம்? அணைஞ்சுபோச்சா?

மைசூன்: முடிஞ்சுபோச்சு. நான் எடுத்துட்டுப் போற படம் விடியறதுக்கு முன்னாடியே முடிஞ்சு, பெட்டியில இருக்கு. இது உங்களுக்கு, யாபா. மருதாணி ராத்திரி பூரா வாசல்ல காவல் நின்னீங்க, நான் ஆடுனதை நீங்க பாக்கவே இல்லையே... மத்த பொம்பளைங்களை ஒருத்தர் விடாம இதுலேர்ந்து வெட்டி எடுத்தாச்சு, நானும் யும்மாவும் மட்டும்தான் இருக்கோம். சுவரை விட்டுட்டு இப்படித் திரும்புங்க.