பூட்டி வைத்த கதிரைகள்

மேடையிலிருக்கும் தலைவர் அவர்களே, எங்கள் யோகா நிலையத்தின் செயலாளர் திவாகரன் அவர்களே, ராக்கம்மா டீச்சரிடம் யோகா பழகிய அம்மாமார்களே, அக்காமார்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. எழுதிக்கொண்டு வந்ததைத்தான் வாசிக்கிறேன்.

இந்த அஞ்சலிக் கூட்டத்தில் எனக்கு முன் பேசிய நால்வரும் டீச்சர் தலைகீழாக நின்றதைப் புகழ்ந்தார்கள். பின்னால் தொங்கும் பதாகையிலும் அந்தப் படம்தான். ஆறு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் இந்த மண்டபத்துக்கு வந்தவள் நான். வகுப்பில் டீச்சர் ஒரு நாளாவது அப்படி நின்றதைப் பார்த்ததில்லை! நிலையத்தின் விளம்பரத்துக்காக அவரை நிற்கச் சொல்லி எடுத்த படம் அது. அதன் பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும், அவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இங்கே யாருக்காவது அது தெரியுமா?

தலைகீழாக நிற்பதற்காகவா நாங்கள் அவரிடம் வந்தோம்? வாசலிலேயே, "இன்னைக்கு எங்க நோவுது?" என்று ஒவ்வொருவரையும் கேட்பார். போன கிழமை சொன்ன பதிலை மறந்திருக்க மாட்டார். தொடுவதற்கு முன் "கை வைக்கவா?" என்பார். யாரையும் முன்னால் கூப்பிட்டுச் செய்து காட்டச் சொல்ல மாட்டார். சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்ற எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! மூச்சை இறுக்கிப் பிடித்தால், "யாருக்குடி வீரம் காட்டுற? விடு. கை காலுக்கு எட்டலன்னா என்ன, கால் எங்கயும் ஓடிப்போகாது" என்பார். சிரிப்பிலேயே மூச்சு வெளியே போய்விடும்.

கெலிஓயாவிலிருந்து வரும் மஸாஹிரா ராத்தாவுக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. அவர் உட்கார்ந்தபடி செய்வதற்காகவே டீச்சர் கதிரை போடத் தொடங்கினார். பிறகு பத்துப் பேர் கதிரையில், ஒன்பது பேர் பாயில்.

செயலாளர் அவர்களே, உங்களுக்கு நினைவிருக்கும். "கதிரை போட்டா யோகா வகுப்பு மாதிரியா இருக்கு டீச்சர்? ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றீர்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்கத்தானே தம்பி இங்க வர்றாங்க" என்றார் அவர்.

நீங்கள் கதிரைகளைக் களஞ்சிய அறையில் வைத்துப் பூட்டினீர்கள். 'தரையில் அமரக்கூடியவர்கள் மட்டும்' என்று வாசலில் அறிவித்தல் ஒட்டினீர்கள்.

அதை எழுதியது நான். பட்டம் படித்த பிள்ளைதானே, எழுதிக்கொடு என்றீர்கள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டீச்சர் அதை வாசித்துவிட்டு, "எழுத்து அழகா இருக்கு புள்ள" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றோடு கதிரையில் இருந்த பத்துப் பேரும் வராமல் நின்றார்கள். டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி அவர்கள் வீடுகளுக்குப் போனார். சென்ற மாதக் கடைசி ஞாயிறும் கெலிஓயாவுக்குப் போய் வந்துதான் படுத்தார், எழும்பவில்லை. இதைத்தானா இன்று மேடையில் 'ஓயாத சேவை' என்று புகழ்கிறீர்கள்? அவரை ஓயவிடாமல் அலையவைத்தது யார்? நீங்கள் மட்டுமா? நானும்தான்!

டீச்சர், உங்கள் வகுப்பு நிற்காது. எனக்குச் சொல்லித்தரத் தெரியாது. ஆனால் எங்கே நோகிறது என்று கேட்கத் தெரியும். நீங்கள் பழக்கிய வரிசை மனப்பாடம். நான் நடத்தும்போது பக்கத்தில் இருப்பதாக மஸாஹிரா ராத்தா சொல்லியிருக்கிறார்.

கடைசியாக ஒன்று. இதைக் கேட்கத்தான் மேடை ஏறினேன். முன் வரிசையில் இருப்பவர்களே, நீங்கள் அமர்ந்திருப்பது அந்தக் கதிரைகளில்தான். ஏழு மாதத்துக்குப் பிறகு, இந்தக் கூட்டத்துக்காக அறையைத் திறந்திருக்கிறார்கள். எழும்பிப் போகும்போது தயவுசெய்து யாரும் அவற்றைத் தூக்கி உள்ளே வைக்காதீர்கள்.

நாளை சனிக்கிழமை.