டெக்ஸ் மில்டனின் தொண்டை

...அதைத்தான் சொல்றேன் சின்யோரா, முன்வரிசையில அந்தப் பொம்பளை போட்டிருக்கற பனியனைப் பாருங்க! நெஞ்சு முழுக்க டெக்ஸ் மில்டன் மூஞ்சி. கீழ என்ன எழுதியிருக்கு? 'தங்கக் குரல்'. குரலாம்! அவன் பேசி இவங்க யாராவது கேட்டிருக்காங்களா? நான் கேட்டிருக்கேன். மீன் கடையில. பாட்டில்லேருந்து கார்க்கைத் திருகி எடுத்தா எப்படி இருக்கும், அப்படி இருக்கும்.

உக்காருங்க, உக்காருங்க. ஆரம்பிக்க இன்னும் நேரமிருக்கு. இந்த பெல்லாரியா ஊர்த் திருவிழாவுல எது சொன்ன நேரத்துக்கு ஆரம்பிச்சிருக்கு? மேயர் வரணும், அவரு பேசணும், மைக்கு கீச்சுன்னு கத்தணும், எதுக்கு வந்தோம்னே நமக்கு மறந்துபோகணும், அப்புறம்தான் பாட்டு. நான் நீவெஸ், இந்த ஊருதான். நீங்க எந்த ஊரு? பார்மாவா? ம்... பரவாயில்ல.

டெக்ஸ் மில்டன்! பேரைக் கேட்டா அமெரிக்காவுல பொறந்து வளந்த மாதிரி இல்ல? எர்மேத்தே. அவன் நெஜப் பேரு எர்மேத்தே. அவன் ஊருக்கு இங்கேருந்து சைக்கிள்ல போயிடலாம். அம்மா கோழி வித்தாங்க. அந்தக் காலத்துல டிஸ்கோன்னா இங்கிலீஷ் பேரு வேணும், இங்கிலீஷ் வார்த்தை வேணும். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எழுதினவனுக்கே தெரியாது, அது வேற விஷயம். 'என் இதயம் ராத்திரியோட டெலிபோன்'னு ஒரு வரி வருமாம். ஒரு இங்கிலீஷ்காரர் கடற்கரையில கேட்டுட்டு, ரொம்ப நல்லா இருக்கு, இது இத்தாலியப் பாட்டான்னு கேட்டாரு!

ஆனா ஆடறதுக்கு அர்த்தம் எதுக்குங்க? அந்த டிரம்மு... தும் தும் தும் தும்னு ஒரே சீரா, பாதத்துலேருந்து ஏறும். அதுக்கு மேல கைதட்டு. அப்புறம் அந்த சிந்தசைசர் உள்ள வரும் பாருங்க, ஜன்னலைத் திறந்ததும் கடல் காத்து வர்ற மாதிரி... சொல்லும்போதே பாருங்க, கையெல்லாம் சிலிர்க்குது. இப்பத்த பாட்டும் இருக்கே! எங்க லாண்டிரியில வாஷிங் மெஷினுக்குள்ள எவனோ கரண்டியை மறந்து விட்டான்னு வைங்க, அதே சத்தம். அதுக்குப் பசங்க கைய மேல தூக்கிட்டு நிக்குதுங்க. ஆடறதில்ல, நிக்குதுங்க! போனை வேற தூக்கிப் பிடிச்சிக்கிட்டு!

குரல் யாருதுன்னு கேளுங்களேன். கேக்க மாட்டீங்களா? சரி, நானே சொல்றேன். அதோ, ஸ்பீக்கருக்குக் கீழ, கட்டம் போட்ட சட்டை, பியதீனா ரொட்டியை சீஸ் ஒழுக ஒழுகத் தின்னுகிட்டு நிக்குதே ஒரு உருவம்... வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வச்சேன், அதைப் போட்டுக்கிச்சா பாருங்க... அதுதான் டெக்ஸ் மில்டன். அதாவது, தொண்டை. எங்க வீட்டுக்காரரு. லோரிஸ்.

சிரிங்க, சிரிங்க. எல்லாரும் சிரிக்கத்தான் செய்றாங்க.

அப்பல்லாம் அதுதாங்க வழக்கம். பொலோஞ்ஞாவுல ரிக்கார்டிங் ரூமுக்குள்ள ஒருத்தரு பாடுவாரு. வெளிய வேற ஒரு அழகான பையனைக் கடற்கரையிலேருந்து பிடிச்சிட்டு வந்து, ஜிகினா கோட்டு மாட்டி, அட்டையில போட்டோ போட்டு, டிவியில நிக்க வச்சு வாயை அசைக்கச் சொல்லுவாங்க. எங்காளுக்குத் தொண்டை இருந்துச்சு, கழுத்து இல்லையாம். கழுத்து இல்லைன்னா டிவியில நல்லா இருக்காதாம். பாடினதுக்கு ஒரு மீன் விருந்து போட்டு அனுப்பிட்டாங்க. இந்த மனுஷனும் வந்து, மீன் ரொம்ப ருசின்னு சொல்லிட்டு, மறுநாளு ஓட்டல் ஓட்டலா தண்ணி பாட்டில் பெட்டி இறக்கப் போயிட்டாரு!

எனக்கு மட்டும் அப்ப தெரியுமா? நான் ஓட்டல்ல படுக்கை விரிப்புத் தேய்ச்சிக்கிட்டிருந்தேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவளுக்கு வேற என்ன கிடைக்கும்? இஸ்திரி மேஜைக்கு மேல டெக்ஸ் மில்டன் படம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் டிஸ்கோதெக்குல நாங்க பொண்ணுங்கல்லாம் போவோம். வெளிய வெயில் கொளுத்தும், உள்ள கண்ணாடி உருண்டை சுத்தும், அந்தப் பாட்டு வந்துச்சுன்னா குளிர்பானத்தைப் போட்டுட்டு ஓடுவோம். வாரம் பூரா நின்னு நின்னு வீங்கின காலு... அந்தப் பாட்டுக்கு மட்டும் வலிக்காதுங்க. சத்தியமா.

ஒருநாளு ரேடியோவுல அதே பாட்டு ஓடுது. தண்ணிப் பெட்டியோட ஒரு ஆளு உள்ள வந்து, கூடவே பாடுது. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "இந்தாப்பா, வாயை மூடு, பாட்டைக் கெடுக்காத"ன்னு கத்திட்டேன். கெடுக்காதன்னு சொல்லியிருக்கேன், கேட்டுக்கிட்டீங்களா? அந்த ஆளு பெட்டியைக் கீழ வச்சுட்டு, அந்த உச்ச ஸ்தாயி வருமில்ல, ஊ...ஊ...ன்னு, அதை எடுத்துது. ரேடியோவுலயும் அதே, என் முன்னாடியும் அதே. இஸ்திரிப் பெட்டியை விரிப்பு மேலயே விட்டுட்டேன். எரிஞ்சே போச்சு. அந்த விரிப்புக்கு நான் வாங்கின திட்டு இருக்கே... அப்புறம் கட்டிக்கிட்டேன். வேற என்ன செய்யறது.

இந்த எர்மேத்தே இன்னிவரைக்கும் ஊர் ஊரா திருவிழாவுக்குப் போறான். இசைத்தட்டு ஓடும், இவன் வாயை அசைப்பான், கிழவிங்க மயங்கி விழும். எங்காளு வீட்ல தக்காளிக்குத் தண்ணி ஊத்துவாரு. ஏங்க, உங்க குரலுங்க அது, கேக்கறதில்லையான்னா, "நம்ம குரலுக்கு ஜனங்க ஆடறாங்கல்ல நீவெஸ், போதாதா?" போதாது! எனக்குப் போதாது! ஒரே ஒரு தடவை, இந்த ஊரு முன்னாடி, இவரு மூஞ்சியோட அந்தக் குரலைப் பாக்கணும். அப்புறம் நான் செத்தாலும் சரி.

இந்த வருஷம் நேராவே போனேன். காப்பிக் கடையில எர்மேத்தேயைப் பிடிச்சேன். என்னென்ன கேக்கணும், எங்க குரலை உசத்தணும், எங்க அழணும், எல்லாம் வீட்லயே ஒத்திகை பார்த்துட்டுப் போனேன். நான் வாயத் திறக்கறதுக்குள்ள அவன், "தாராளமா நீவெஸ், நானே மேடைக்குக் கூப்பிட்டுச் சொல்றேன், எனக்கே இத்தனை வருஷமா மனசு உறுத்துது"ங்கறான்! என்ன மனுஷன் பாருங்க. சண்டை கூடப் போட விடல. அவ்வளவையும் முழுங்கிட்டு வந்தேன்.

ஆமாங்க, இன்னிக்குத்தான். அதுக்குத்தான் இந்த நாற்காலி, மத்தியானத்துலேருந்து காத்துக்கிட்டிருக்கேன்.

தயார் பண்ணாம விடுவேனா? இந்த மாசம் பூரா காலையிலயும் சாயங்காலமும் பால்கனியில நிக்க வச்சுப் பாட வச்சேன். உச்ச ஸ்தாயி வழுக்குச்சுன்னா மறுபடியும். பக்கத்து வீட்டுக்காரரு ஜன்னலைச் சாத்தினாரு, சாத்தட்டும். எங்க சித்தி ஒரு வைத்தியம் சொல்லுவாங்க, உப்பு வினிகரைக் கொதிக்க வச்சுக் கொப்பளிக்கறது. அதுவும் செஞ்சேன். "நீவெஸ், தொண்டை எரியுது"ங்கறாரு. எரிஞ்சாத்தான் சுத்தமாகும்! நேத்தெல்லாம் நாள் பூரா விடல. இன்னிக்குக் காலையில குரல் கொஞ்சம் கம்மலா இருந்துச்சு. இன்னும் நாலு தடவை பாடினா சூடேறி சரியாயிடும்னு பாட வச்சேன். அப்புறம் அவரு ஒண்ணுமே பேசல. குரலைச் சேமிச்சு வைக்கிறாருன்னு நினைச்சேன், நல்லதுதானே?

ஸ்ஸ்... வந்துட்டான். பாருங்க, அதே ஜிகினா கோட்டு. பொத்தான் போடல, இப்ப இருக்கற தொப்பைக்குப் போட முடியாது. இருங்க, பேசறான்... கேளுங்க, கேளுங்க... "இத்தனை வருஷமா நீங்க கேட்ட குரல் என்னுது இல்ல"... சொல்றான்! சின்யோரா, சொல்லிட்டான்! லோரிஸ் பேரைச் சொல்லிட்டான்! ஐயோ, ரொட்டியைக் கீழ வை மனுஷா! வாயைத் துடை! ஏறு, ஏறு... அம்மாடி, மைக்கைக் கையில குடுத்துட்டான். என் கையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. நான் கண்ணை மூடிக்கறேன், இப்ப பாருங்க, அந்த முதல் வரி...

...

என்னது இது?

யாரு அது, தவளையா? லோரிஸ்! இன்னொரு தடவை! இருமிட்டுப் பாடு! ...ஐயோ, காத்துதான் வருது. ஜனங்க சிரிக்குது. வேடிக்கைக்குச் செஞ்ச ஏற்பாடுன்னு நினைச்சிடுச்சுங்க, கை வேற தட்டுதுங்க. பின்னாடி அந்த ஆளு என்ன சொல்றான் கேட்டீங்களா? "டெக்ஸ் எவ்வளவு தமாஷா பேசறாரு!" தமாஷா! முட்டாளே, அது நெஜம்!

என்னை எதுக்கு அப்படிப் பாக்கறீங்க? நான் என்ன பண்ணேன்? வினிகர் யாரையாவது கொன்னிருக்கா? நான் பாட வைக்காம இருந்திருந்தா இந்த மனுஷன் மேடைப் பக்கமே வந்திருக்க மாட்டாரு... வராம இருந்திருந்தா... சரி, விடுங்க, இப்ப அதுவா முக்கியம்?

டேய் எர்மேத்தே! இசைத்தட்டைப் போடச் சொல்லு! ஆமா, பழைய தட்டுதான்! ...லோரிஸ்! வாயை அசை! பாட வேணாம், சும்மா அசை! உன் குரல்தானே ஓடுது!

ஆ... ஆரம்பிச்சிடுச்சு. தும் தும் தும் தும்... அசைக்கறாரு... முந்திட்டாரு... ஐயையோ, இப்ப பின்னால போயிட்டாரு. பாட்டு ஊ...ஊ...ங்குது, இவரு வாயை மூடிக்கிட்டு எச்சில் முழுங்கறாரு! சொந்தப் பாட்டுக்கு வாயசைக்கத் தெரியல! பக்கத்துல அவனைப் பாருங்க. மைக்கு கூட கையில இல்ல, பழக்கதோஷத்துல முணுமுணுக்கறான். ஒரு எழுத்து பிசகல. ஒரு மூச்சு பிசகல. பாக்கறவன் யாரை நம்புவான்? நானே அவனைத்தான் நம்புவேன்.

நீங்களும்தான். சொல்ல வேணாம், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. இவ்வளவு நேரம் ஒரு கிறுக்கச்சி பக்கத்துல உக்காந்திருந்தோம்னு... எங்க எந்திரிச்சிட்டீங்க? ஆடவா? போங்க, போங்க. ஊரே எந்திரிச்சிடுச்சு.

...சின்யோரா! கொஞ்சம் நில்லுங்க, நானும் வரேன். இந்தப் பாட்டுக்கு எவளால உக்காந்திருக்க முடியும்!