திருப்பி எடுக்காத கடைத்தெரு

வாய் மூடி இருந்தது போதும். சில வருடங்களாக நம் ஜவுளி வியாபாரிகள் சங்கத்தின் ஒவ்வொரு பொதுக்குழுவிலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தட்ட வேண்டிய இடத்தில் கை தட்டி, கேசரியைத் தின்று, கையைக் கழுவிக்கொண்டு வீடு போனவன் நான். இனி முடியாது.

ஆகவே, தலைமை நாற்காலியை நிறைத்து வீற்றிருக்கும் பெரியவர் திம்மப்பன் அவர்களே! கணக்கிலும் கண்டிப்பிலும் குறை வைக்காத செயலாளர் முனிராஜ் அவர்களே! பாகலூர் ரோட்டிலும் நேதாஜி ரோட்டிலும் கல்லாவுக்குப் பின்னால் அமர்ந்து, வாசலையே வாழ்க்கையாகப் பார்த்திருக்கும் என் சக வியாபாரிகளே! ஒரு ஜாக்கெட் துணிக்கு ஒன்பது கடை ஏறி இறங்கி எங்களுக்குப் பொறுமை கற்பித்த தாய்மார்களே! ஷிப்டு முடிந்த அலுப்போடும் வியர்வையோடும் எங்கள் படியேறிய தொழிலாளத் தோழர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பேச்சுக்கு மேடை கிடையாது. வரும் ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்குழுவில் பேசக் கொஞ்சம் நேரம் கேட்டேன். “சார், நீங்க பேச ஆரம்பிச்சா சாப்பாடு ஆறிடுமுங்க” என்றார் முனிராஜ். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். மைக் இல்லாவிட்டால் என்ன, காகிதம் இருக்கிறதே! நீங்கள் எந்த இடத்தில் சிரிப்பீர்கள், எந்த இடத்தில் சீறுவீர்கள், எந்த இடத்தில் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நழுவுவீர்கள் என்பது எனக்கு மனப்பாடம். அந்தச் சபையை எதிரே உட்கார வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வரப்போகும் தீர்மானம் என்ன? ‘இணையத்தில் வாங்கப்படும் ஆடைகளின் பார்சலைத் தம் கடையில் வாங்கி வைக்கும் உறுப்பினர் சங்கத்திலிருந்து நீக்கப்படுவார்.’ பெயர் போடவில்லை. போடத் தேவையுமில்லை. இந்த ஊரில் அப்படி வாங்கி வைப்பவர் ஒருவர்தான். சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில் சின்னதாகத் துணிக்கடை வைத்திருக்கும் மாதேஸ்வரி. அவரை நீக்கினால் என்ன ஆகும்? தீபாவளிக்காக ஈரோட்டிலிருந்து சங்கம் மொத்தமாக இறக்கும் சரக்கில் அவருக்குப் பங்கு இராது. தனியாகப் போய் நின்றால் அந்த விலைக்கு அவருக்கு யார் தருவார்? தீபாவளிச் சரக்கு இல்லாத துணிக்கடை அடுத்த பொங்கலைப் பார்க்குமா? பார்க்காது. இது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் வயிற்றெரிச்சல் பொய் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கும் அதே எரிச்சல்தான். முதலில் பெங்களூரில் கண்ணாடி மாளிகை போல மால்கள் வந்தன. சம்பளக்காரர்கள் மாநில எல்லையான அத்திப்பள்ளியைத் தாண்டிப் போனார்கள். சரி, போகட்டும் என்றிருந்தோம். இப்போது எங்கும் போகவே வேண்டாம் என்கிறது கம்ப்யூட்டர். சட்டையைக் கண்ணால் காணாமல், கையால் தடவாமல், சாயம் போகுமா என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஒருவன் வாங்குவான் என்று ஐந்து வருடத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்போமா? இந்த 2009-இல் வாங்குகிறானே! பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்கு பஸ் ஏறும் பிள்ளைகள் நம் கடைக்கு வந்து, நான்கு சட்டையைப் போட்டுப் பார்த்து, தங்களுக்கு எந்த அளவு சரி என்று தெரிந்துகொண்டு, “அப்புறம் வரேன் அங்கிள்” என்று கிளம்புகிறார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை. மிஞ்சுவது அங்கிள் மட்டும்தான்.

சிரியுங்கள். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

பார்சல் ஏன் மாதேஸ்வரி கடைக்கு வருகிறது? சிப்காட் தொழிலாளி எங்கே குடியிருக்கிறான்? வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில். கதவு எண் கிடையாது, தெருப்பெயர் கிடையாது. கூரியர்க்காரர் முக்கு ரோட்டில் நின்று போன் செய்தால், அந்த நேரம் அவன் மெஷின் முன்னால் நிற்பான். கம்பெனி கேட்டில் பார்சலை உள்ளே விடமாட்டார்கள். அதனால் எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடத்தை முகவரியாகக் கொடுக்கிறான். ‘மாதேஸ்வரி துணிக்கடை, மேற்பார்வை’ என்று. சானமாவுக் காட்டிலிருந்து யானை இறங்கி ராயக்கோட்டை ரோட்டை மறித்த அன்று, அந்த வழி முழுவதற்குமான பார்சலையும் கூரியர்க்காரர் அங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போனார். பாவாடை அடுக்குக்குப் பக்கத்தில், கூரை வரைக்கும் அட்டைப் பெட்டி.

உளவு பார்க்கத்தான் நான் அந்தக் கடைக்குப் போனேன். சும்மா சொல்வானேன்? துண்டு வாங்குவது போலப் போய் நின்றேன். மாதவன் என்று மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன், லேத் ஓட்டுபவன், தன் பார்சலை அங்கேயே பிரித்துச் சட்டையை மாட்டினான். தோள் தொளதொளவென்று தொங்கியது. நிறமும் வேறு.

“ஏம்பா மாதவா, படத்துல நின்னவன் தோளு உனக்கு எங்க இருக்குது?” என்றார் மாதேஸ்வரி.

“ஓட்டாதீங்கக்கா. படத்துல நல்ல நீலமா இருந்துச்சு. இது என்னக்கா, வெளுத்த மாதிரி இருக்கு?”

“படம் எடுத்தவன் நல்லா வெளிச்சம் போட்டு எடுத்திருக்கான். இங்க குண்டு பல்புதான எரியுது? கழட்டு. கழட்டி மடிச்சி வெய்யி. நாளைக்கு அந்தக் கூரியர் அண்ணன் வந்தா குடுத்தனுப்பறேன்.”

“அக்கா, அப்ப வியாழக்கிழமை கல்யாணத்துக்கு?”

“அதுக்குத்தான் நான் கடை தெறந்து வெச்சிருக்கேன். அந்த மூணாவது அடுக்குல இருந்து எடுத்துப் போட்டுப் பாரு. புடிக்கலைன்னா கொண்டாந்து குடு, மூஞ்சியத் தூக்க மாட்டேன்.”

அவன் எடுத்துக்கொண்டான். பார்த்தீர்களா! பார்சல் வாங்க வந்தவன் அவர் கடைச் சட்டையோடு போனான். மாதேஸ்வரி தர்மத்துக்காகப் பெட்டி அடுக்கவில்லை. பெட்டியை எடுக்க வருகிறவன் உள்ளே வருகிறான். உள்ளே வருகிறவன் பார்க்கிறான். பார்க்கிறவன் வாங்குகிறான். நம் கடைகளுக்கு உள்ளே வருவதற்கு அவனுக்கு என்ன காரணம் வைத்திருக்கிறோம்?

அவன் வெளியே வந்ததும் விடாமல் கேட்டேன். “ஏன் தம்பி, ஊர் முழுக்கத் துணிக்கடை இருக்கும்போது பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏன் வாங்குகிறாய்?”

அவன் சொன்ன பதில் இதுதான். “போன வருஷம் பெரிய கடையில ஒரு பேன்ட் எடுத்தேன் சார். ரூமுக்குப் போய்ப் போட்டா இடுப்பு ஏறல. மறுநாள் மாத்தப் போனேன். போர்டைக் காமிச்சு, படிக்கத் தெரியாதான்னு கேட்டாரு. நாலு பேரு முன்னாடி. கம்ப்யூட்டர் என்னைய அப்படிக் கேக்கல சார்.”

அன்பர்களே! கம்ப்யூட்டர் அவனை அப்படிக் கேட்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்கு நம் சங்கத்தில் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்?

அந்தப் போர்டு எல்லோர் கடையிலும் தொங்குகிறது. ‘விற்ற துணி திரும்பப் பெறப்படமாட்டாது.’ வாசலில் நின்று ‘வாங்க’ என்கிறோம், தெலுங்கில் ‘ரண்டி’ என்கிறோம், கன்னடத்தில் ‘பன்னி’ என்கிறோம். மூன்று மொழியில் அழைக்கிறோம். ஒரு மொழியிலாவது திருப்பி எடுக்கிறோமா?

முன்பு எடுத்தோம். அதைத்தான் மறந்துவிட்டீர்கள். பேரிகையிலிருந்து நஞ்சம்மா என்று ஓர் அம்மாள் வருவார். வீட்டில் நிச்சயதார்த்தம் என்றால் ஒரு மூட்டைப் புடவையைக் கட்டிக் கொடுத்தனுப்புவோம். பணமும் இல்லை, ரசீதும் இல்லை. வீட்டில் நாத்தனார், ஓரகத்தி, எதிர்வீட்டுக்காரி எல்லோரும் தோளில் போட்டுப் பார்ப்பார்கள். பிடித்ததை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சந்தைக்கு வரும்போது திருப்பித் தருவார். ஒருமுறை ஒரு புடவையில் மஞ்சள் கறை. “எவ கையோ தெரியல சாமி, இதையும் நானே வெச்சிக்கறேன்” என்றார். வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லி, வேண்டாததைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வியாபாரத்தை இந்தக் கம்ப்யூட்டர்க்காரனா கண்டுபிடித்தான்? நம் கடைத்தெரு காலங்காலமாகச் செய்தது அல்லவா அது!

ஆனால், யாருக்குச் செய்தோம்? அங்கேதான் நெஞ்சில் கை வைக்க வேண்டும். அப்பன் பெயர் தெரிந்தவருக்குச் செய்தோம். எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டு ஆள் என்று தெரிந்தவருக்குச் செய்தோம். தொழிற்சாலைகள் பெருகின; தெற்கே இருந்து பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு மூட்டை கட்டிக் கொடுத்தோமா? ‘வெளியூர்க்காரன், ஓடிப்போனால் எங்கே தேடுவது?’ என்றோம். அவர்களுக்காகத்தான் அந்தப் போர்டை எழுதினோம். உள்ளூரிலும் எல்லோருக்கும் கொடுத்துவிட்டோமா? கூலி வேலைக் குடும்பத்திலிருந்து வந்த மாதேஸ்வரியைச் சங்கத்தில் சேர்ப்பதற்கே இரண்டு கூட்டம் பேசியவர்கள் நாம். எதைப் பேசினோம் என்பதை நான் இங்கே எழுதவில்லை. அறையில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்.

அந்தப் போர்டை எல்லாக் கடையிலும் மாட்ட வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம் வந்த அன்று, கூடாது என்று எழுந்தவன் நான் ஒருவன். “பொருளாதாரம் படிச்சவரு, நமக்குப் பாடம் எடுக்கறாரு” என்றீர்கள். அடுத்த தேர்தலில் துணைச் செயலாளர் பதவியிலிருந்து கழற்றிவிட்டீர்கள். மறந்திருப்பேன் என்று நினைக்காதீர்கள். யார் யார் எனக்கு எதிராகக் கை தூக்கினார்கள், தூக்கிவிட்டு யார் என் முகத்தைப் பார்க்கக் கூசினார்கள் என்பது வரை நினைவிருக்கிறது.

“அப்படின்னா நீ அந்தக் கம்ப்யூட்டர்க்காரன் பக்கமா?” என்று ராஜப்பன் கத்துவார். எந்தக் கூட்டத்திலும் முதலில் கத்துபவர் அவர்தான். ராஜப்பன், உட்காருங்கள். நான் யார் பக்கமும் இல்லை. அந்தக் கம்பெனிக்காரன் ஒன்றும் உத்தமன் இல்லை. அவனுக்கு மாதவனின் முகம் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. எல்லாம் லாப நஷ்டம். ஆனால், வீட்டுக் கதவில் எண்கூட இல்லாத ஒருவனை நம்பி முகம் தெரியாத அவன் சட்டை அனுப்புகிறான், பிடிக்காவிட்டால் திருப்பியும் எடுக்கிறான். தினமும் நம் வாசலைத் தாண்டிப் போன அதே ஆளை, முகம் தெரிந்த நாம் நம்பவில்லை.

போன வாரம் முனிராஜும் இரண்டு நிர்வாகிகளும் மாதேஸ்வரி கடைக்கு விசாரணைக்குப் போனார்கள். நானும் பின்னால் போனேன்.

“ஏம்மா, நம்ம பொழப்பைக் கெடுக்கறவனுக்கு நீயே கதவைத் தெறந்து வெக்கிறியே?” என்றார் முனிராஜ்.

“கதவைத் தெறந்து வெச்சாத்தான ஆளு வரும்ணா? நீங்க ஏசி போட்டு மூடி வெச்சிருக்கறீங்க.”

“வாய் ரொம்ப நீளம். யார் யாருக்குப் பார்சல் வருது, சொல்லு பார்க்கலாம்.”

“அது சொல்ல மாட்டனுங்ணா. இன்னிக்கி அடுத்தவங்களதைச் சொன்னா, நாளைக்கி உங்க வீட்டுக்கு வர்றதை நம்பி எங்கிட்ட விடுவீங்களா?”

உடன் போனவர்களில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யார் என்று நானும் சொல்லப்போவதில்லை.

ஆனால், நாங்கள் படியிறங்கிய பிறகு மாதேஸ்வரி என்னை மட்டும் கூப்பிட்டார். அந்த நீளமான வாய் அப்போது இல்லை. “சார், சரக்கு நிறுத்திருவாங்களா? நெசமாச் சொல்லுங்க. நிறுத்துனா நான் மறுபடி கார்மென்ட்ஸ்ல தையல் மெஷினுக்கே போகணும்.” அதற்கான பதிலைத்தான் இப்போது உங்களிடம் கேட்கிறேன்.

சபையோரே! அவரை நீக்கிவிட்டால் இணையம் நின்றுவிடுமா? பார்சல் பெட்டிக்கடைக்குப் போகும், சலூனுக்குப் போகும், டீக்கடைக்குப் போகும். வாங்குகிறவன் வாங்குவான். அவன் நம் தெருவுக்குள் வருவதற்கு மிஞ்சியிருக்கும் ஒரே காரணத்தையும் நாமே அடைத்துவிட்டிருப்போம். நான் பொய் நம்பிக்கை தரமாட்டேன். போர்டைக் கழற்றினாலும் நம்மில் பல கடைகள் மூடத்தான் போகின்றன. என் கடையும் அதில் ஒன்றாக இருக்கலாம். காலம் மூடட்டும், கணினி மூடட்டும், கடன் மூடட்டும். சக வியாபாரி ஒருத்தியின் கடையை நம் கையால் மூட வேண்டுமா? விற்றதைத் திருப்பி எடுக்க மனமில்லாத நாம், ஞாயிற்றுக்கிழமை தூக்கும் கையையாவது திரும்ப இறக்க முடியுமா? முடியாது. தூக்கிய கை தூக்கியதுதான். ஆகவே தூக்காதீர்கள். அந்தத் தீர்மானத்தைத் தோற்கடியுங்கள். அன்று மாலையே அவரவர் கடைக்குப் போய், ஸ்டூல் போட்டு ஏறி, அந்தப் போர்டைக் கழற்றுங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், கோபத்தோடு கேட்ட நண்பர்களுக்கும், நடுவில் எழுந்து போகாத அனைவருக்கும் நன்றி. தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

இதை எழுதி முடித்துக் கீழே பெயரைப் போடப் பேனாவை வைத்தேன். வைத்த இடத்திலேயே நின்றுவிட்டது. எனக்கு இந்தப் பேச்சுக்கான கைதட்டல் வேண்டும்; இல்லையென்று சொன்னால் அது பொய். ஆனால், இதை எழுதியது நான் என்று தெரிந்தால் நீங்கள் தீர்மானத்தைப் பார்க்கமாட்டீர்கள், என்னைப் பார்ப்பீர்கள். என்னைத் தோற்கடிக்கும் சுகத்துக்காகவே கை தூக்குவீர்கள். அந்தச் சுகத்துக்கு மாதேஸ்வரியின் கடை பலியாக வேண்டாம். என் சொந்த வழக்கைப் பேசிய வரிகளையும் என்னைக் காட்டிக்கொடுக்கும் வரிகளையும் அடித்துவிட்டு, மிச்சத்தை டைப் அடித்து, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி நாளைக் காலைத் தபாலில் சேர்த்துவிடுகிறேன். யார் எழுதியது என்று உங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்ளுங்கள். பெயர் போடப்போவதில்லை.