மண் குடித்த குரல்

விளக்கைக் கொஞ்சம் தணித்து வையுங்கள். கிட்டே நகர்ந்து உட்காருங்கள். இது என் நண்பனின் சித்தப்பாவுக்கு நடந்தது.

இரவு ஒன்பது மணி. ஊரைத் தாண்டி ஒரு மண்பாதை... வழியில் ஒரு வீடு கிடையாது, ஒரு நாய் கிடையாது. பாதை முடிகிற இடத்தில் வட்டமாகச் செங்கல்லில் கட்டிய பழைய தண்ணீர்த் தொட்டி. தச்சு வேலை முடிந்து தினமும் அந்தப் பாதையில் தனியாக நடந்து வந்து, சித்தப்பா அதற்குள்தான் படுப்பார். தொட்டிக்கு வாசல் வெட்டி, மூங்கிலும் கோரைப்புல்லும் கொண்டு கூரை வேய்ந்து, அதை வீடாக்கியவர் அவர். ஊரே தலையில் அடித்துக்கொண்டது. சித்திக்கு மட்டும் ஒரே குஷி. வட்ட வீட்டில் மூலையே இல்லையே, இனி கோபித்துக்கொண்டு எங்கே போய் உட்காருவீர்கள் என்று கேலி செய்வாராம். கதவு மாட்டுவதற்குள் சித்தி போய்ச் சேர்ந்துவிட்டார்.

சித்தப்பா மட்டும் குடிவந்தார். முதல் இரவு, பழக்கதோஷம்... இருட்டில் கேட்டுவிட்டார். "தூங்கிட்டியா?"

வெறும் செங்கல் சுவர் அல்லவா. சுற்றிவந்து திரும்பியது. "தூங்கிட்டியா...?"

தன் குரல்தான், தெரியும். ஆனாலும் கேட்பதற்கு ஒரு குரல். தினமும் கேட்டார். தினமும் வந்தது.

மழைக்காலத்தில் செங்கல்லில் ஓதம் ஏறியது, அவர் நெஞ்சில் சளி கட்டியது. ஊரில் இருந்த அவர் அண்ணன் திட்டித் தீர்த்தபிறகு, களிமண்ணையும் வைக்கோலையும் மிதித்துக் குழைத்து, சுவர் முழுக்கத் தன் கையாலேயே பூசினார். வீடு கதகதப்பானது. எங்கும் ஊறிய வைக்கோல் வாசனை. அன்றிரவும் கேட்டார்.

பதில் இல்லை. மண் சத்தத்தைக் குடித்துவிட்டது. மண்பூச்சு எதிரொலியைக் கொல்லும் என்பது தெரியாதவரா? தெரியும். குளிரில் மறந்துபோனார். சித்தி போன அன்றுகூட அப்படி அழவில்லையாம்.

பிறகு ஒவ்வொரு இரவும் சுவரில் வாயை வைத்துக் கேட்டார். கத்திக் கேட்டார். தொண்டை கட்டிப்போனது. சரி, அண்ணன் வீட்டுக்கே போய்விடலாம் என்று உளியையும் இழைப்புளியையும் மூட்டை கட்டிவிட்டுப் படுத்தார். கண்ணை மூடவில்லை. வாயைத் திறக்கவுமில்லை.

சுவருக்குள் சரசரவென்று... காய்ந்த வைக்கோல் நகர்கிற சத்தம். அப்புறம், காதருகே, அவர் குரலிலேயே:

"இல்ல... இன்னும் தூங்கல."

காலையில் மூட்டையைப் பிரித்துவிட்டார்.

அதன்பின் வெளியில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. கடையில் கை ஜாடைதான். வாயைத் திறந்தால் வெறும் காற்று. தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். என் நண்பனுக்கு மனசு கேட்கவில்லை. சித்தப்பாவுக்கு இரண்டு நாள் துணையாக இருக்கலாம் என்று ஒரு சாயங்காலம் அவரோடு நடந்தான். சித்தப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கூட ஒரு மனுஷன் நடந்து எத்தனை நாளாயிற்று.

பாதை முடியும்போது இருட்டிவிட்டது. பூட்டிக் கிடந்த வீட்டுக்குள்ளிருந்து சித்தப்பாவின் குரல் கேட்டது.

"வந்துட்டியா?"

நண்பன் பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். சித்தப்பா உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

"கூட யாரு?"

 சித்தப்பா அவன் நெஞ்சில் கையை வைத்துப் பாதைப் பக்கமாகத் தள்ளினார். போய்விடு என்று கண்ணாலேயே கெஞ்சினார். பிறகு பூட்டைத் திறந்து, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

 அப்புறம் உள்ளே அதே குரல், நிதானமாக...

"யாருமில்ல. நாம ரெண்டு பேருதான்."