மடுல்சீமைக்குப் பசறையின் எண்

உங்கள் விசாரணை அறையில் காற்று வருகிறது, நல்லது. பதுளையில் எங்கள் கன்ட்ரோல் ரூமுக்கு ஜன்னலே கிடையாது.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் நெட்வொர்க்கில் மலைக்கு மலை ரவுட்டர்கள் உண்டு. முன்பெல்லாம், செய்தி போகவேண்டிய இடத்தைக் காட்டும் லேபிள்களைப் பங்கிட்டுக்கொள்ள அவற்றுக்குத் தனி ஏற்பாடு இருந்தது. செக்மென்ட் ரவுட்டிங் என்ற புது முறையில் அது வேண்டாம். ஒவ்வொரு ரவுட்டருக்கும் நாங்கள் ஓர் எண் கொடுப்போம். பாதை விவரம் பேசிக்கொள்ளும்போதே, தன் எண் இது என்று அது மற்றவற்றுக்கு அறிவித்துவிடும். அனுப்பும் இடத்தில் அந்த எண்ணுக்குரிய லேபிளை ஒட்டினால் போதும், வழியில் உள்ளவை கேள்வி கேட்காமல் கொண்டுபோகும். ஆகவே ஓர் எண் ஒருவருக்குத்தான்.

மடுல்சீமை ரவுட்டரை அமைத்தபோது பசறையின் செட்டிங்கை நகல் எடுத்தேன். எண்ணை மாற்ற மறந்தேன். யாருக்கும் வரக்கூடிய மறதி. இரண்டு பேர் ஒரே எண்ணைச் சொன்னால் மற்றவை ஒருவரைத்தான் நம்பும். பசறையை நம்பின. போன்கள் பழைய வழியில் ஓடியதால் எவருக்கும் தெரியவில்லை. புது வழியில் போனது மண்சரிவு சைரனுக்கான கட்டளை மட்டும். அது பசறைக்குப் போய் வீணானது.

மாதச் சோதனையில் கண்டுபிடித்தேன். திருத்த ஐந்து நிமிடம் போதும். ஆனால் காரணம் எழுதி மேலதிகாரி நப்ரீஸிடம் அனுமதி வாங்க வேண்டும். என் வேலை நிரந்தரமாக இரண்டு வாரமே இருந்தது. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து இந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள் நான். சோதனை அறிக்கையில் ‘சைரன் சரி’ என்று எழுதினேன். பிறகு திருத்தினால் பொய் எழுதியதும் சேர்ந்து வெளிவரும். முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும். பயமாக இருந்தது, அதை உங்களிடம் மறைக்கவில்லை.

மழை விடவில்லை. லயத்திலிருந்த அம்மாவைப் பதுளைக்கு வரச் சொன்னேன்.

“பக்கத்து காம்பரா ஜெயலெட்சுமியையும் புள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வரவா தம்பி? மலையப் பாத்துப் பயந்து கெடக்குதுங்க.”

“வேணாம்மா. இங்க எடமில்ல. நீங்க மட்டும் வாங்க.”

அவர்களையும் அழைத்தால் ஏன் என்று லயமே கேட்கும்.

மறுநாள் பகல் இரண்டு மணிக்கு மண்சரிவு எச்சரிக்கை வந்தது. “விஜேந்திரன், மடுல்சீமைக்குப் போயிருச்சா?” என்று நப்ரீஸ் கேட்டார்.

“போயிருச்சு சேர்” என்றேன்.

அதன் பிறகு மண் இறங்க நாற்பது நிமிடம் பிடித்தது. தோட்டத் தலைவரின் நம்பர் என் போனில் இருந்தது. கூப்பிட்டிருந்தால் சைரன் ஏன் ஊதவில்லை என்று கேட்டிருப்பார். நான் கூப்பிடவில்லை. பதினேழு பேர் போனார்கள். ஜெயலெட்சுமியும் அவள் பிள்ளைகள் இருவரும் அதில் அடக்கம்.

நான் அவரை மட்டும் வரச் சொன்னதை அம்மாதான் உங்களிடம் வந்து சொன்னார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. கோபம் தணிந்ததும் யோசித்துப் பார்ப்பார். அந்த லயத்திலேயே பெற்றவளைக் காப்பாற்றிய பிள்ளை நான் ஒருவன்தான்.