சிடுமூஞ்சிக்கு வாங்கிய வக்காலத்து

எனக்குத் தொலைக்காட்சித் தொடர் பார்க்கிற பழக்கம் கிடையாது. வேறு மொழியில் எடுத்த தொடர்களுக்குக் குரல் கொடுக்க வைப்பது என் தொழில், அவ்வளவுதான். அப்படிப்பட்டவன், ஐம்பத்து மூன்று வயதில், ஒரு தொடரில் வருகிற பதினைந்து வயதுப் பெண்ணுக்காக முடிவெட்டும் கடையில் சண்டை போட்டேன், அதுவும் பாதி மீசையோடு. டப்பிங் சங்கத்தின் விசாரணைக் குழு விளக்கம் கேட்டிருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

"அந்தச் சிடுமூஞ்சியைப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது சார். கதையிலேர்ந்து தூக்கிடக் கூடாதா?" என்றார் கடைக்காரர்.

ஊரே அவளைச் சிடுமூஞ்சி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. சித்தப்பா வீட்டில் வளர்கிறவள். சித்தியின் கைக்கடிகாரத்தைத் திருடுவாள், வாயைத் திறந்தால் பொய், கடைசியில் பள்ளிக்கூட நூலகத்துக்கே தீ வைப்பாள். நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்பா இல்லாத பிள்ளைங்க அவ. அவளுக்கு ஒன்பது வயசுல போயிட்டார். அன்னைக்கு அவளை யாரும் அழக்கூட விடலை. கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க" என்றேன். கத்தி அவர் கையில் இருந்தது, மிரட்டியது நான்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி ஒரு நாள், "நம்ம பையன் பத்தாவதுல தேறாதப்ப இதுல பாதி இரக்கம் உங்ககிட்ட இருந்திருந்தா, அவன் இன்னைக்கு ஒரு போனாவது பண்ணுவான்" என்றாள். சிடுமூஞ்சி பேசுகிற காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் சத்தத்தைக் கூட்டு என்றேன். நான் எவ்வளவு பெரிய அசடு என்பதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

இனி சிடுமூஞ்சிக்குக் குரல் கொடுத்த பெண்ணைப் பற்றி. பதினாறு வயது, நான் பாப்பா என்று கூப்பிடுவேன். ஒரு தடவை சொன்னால் போதும், அப்படியே செய்வாள். அவளிடம் ஒரே ஒரு குறை, சந்தோஷமாக இருந்தாள். அவள் அப்பா தினமும் ஸ்டுடியோ வாசல்வரை கொண்டுவந்து விடுவார். தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகித் தளர்த்திக் கொடுத்துவிட்டுத்தான் போவார். பதினாறு வயதுப் பெண்ணுக்கு மூடி திறக்கத் தெரியாதா என்று எனக்குச் சிரிப்பு வரும்.

தொடரில் சிடுமூஞ்சி தீ வைத்த பிறகு ஒரு காட்சி. தலைமை ஆசிரியை அறையில் எல்லோரும் அவள் மன்னிப்புக் கேட்பதற்காகக் காத்திருக்கிறார்கள். அவள் கேட்கவில்லை. நாற்பது விநாடி அழுகிறாள், கதையில் முதல் தடவையாக. அந்த அழுகை சரியாக விழுந்தால் ஊர் அவளை மன்னித்துவிடும். விழாவிட்டால் அவள் கடைசிவரை சிடுமூஞ்சிதான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதைப் பதிவு செய்த அன்று பாப்பாவின் அப்பா மருத்துவமனையில் இருந்தார், முந்தின நாள் நெஞ்சுவலி. அரை நாள் வேலைதானே என்று நான்தான் அவள் அம்மாவிடம் பேசி வரவழைத்திருந்தேன். காலையிலிருந்து பதினாறு தடவை அழுதாள். பதினாறும் விக்கல்.

குரல் கொடுக்கிறவர்களின் போன் என் மேஜை இழுப்பறையில் இருக்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். பதினொன்று பத்துக்கு அவளுடைய போன் அடித்தது. சவுண்டுக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒலி புகாத அறையில். நான் எடுத்தேன். அவள் அம்மா.

"சார், அவ அப்பா அவளையே கேட்டுக்கிட்டிருக்கார். டாக்டர் எல்லாரையும் வரச் சொல்லிட்டாங்க. உடனே அனுப்பி வைங்க சார்."

"இதோ அனுப்பறேம்மா" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

மருத்துவமனை அங்கிருந்து வண்டியில் பத்து நிமிடம். நான் சவுண்டுக்காரர் வரும்வரை காத்திருந்தேன். காட்சியைத் தயாராக வைக்கச் சொன்னேன். மைக் அளவைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன், அழுகை பெரிதாக வரும் என்று தெரியும். அவர் ஏன் என்று கேட்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. பதினொன்று இருபத்தைந்துக்கு என் பக்கத்து மைக்கை அழுத்தி, "பாப்பா, மனசைத் திடப்படுத்திக்கோ. அப்பா போயிட்டார்மா" என்றேன்.

அவர் அப்போது உயிரோடு இருந்தார். பதிவில் என் குரல் உங்களுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கும். சவுண்டுக்காரர் வேலையில் அவ்வளவு சுத்தம்.

முப்பது வருட அனுபவத்தில் அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. என் கண்ணே கலங்கிவிட்டது. ஆனால் திரையில் வாய் அசைவதற்கு முன்பே தொடங்கிவிட்டாள், சேரவில்லை. "படத்தைப் பாத்துக்கிட்டே இன்னொரு தடவை, பாப்பா" என்றேன். நிமிர்ந்து, படத்தைப் பார்த்துக்கொண்டே அழுதாள். சொன்னால் கேட்கிற பெண் என்று சொன்னேன் அல்லவா?

காட்சியின் முடிவில் இரண்டு வரி வசனம் இருந்தது. அப்போதே உண்மையைச் சொன்னால் குரல் மாறிவிடும். அதையும் முடித்துக்கொண்டு, பதினொன்று ஐம்பத்திரண்டுக்குத் தண்ணீர் பாட்டிலோடு உள்ளே போனேன். மூடியைக்கூடத் திருகி வைத்திருந்தேன். "அப்பா இருக்கார்மா, உன்னைத்தான் கேக்கறார், கிளம்பு" என்றேன். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். என் அசட்டுத்தனத்துக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அவள் குதிக்கவில்லை. "அப்ப நான் ஏன் சார் இவ்வளவு நேரம் இங்கயே உக்காந்திருந்தேன்?" என்று கேட்டாள். ஹெட்போன் கழுத்திலேயே கிடக்க ஓடினாள்.

அவர் பதினொன்று நாற்பதுக்குப் போயிருந்தார். ஆக, போய்விட்டார் என்று நான் சொன்னபோது இருந்தார், இருக்கிறார் என்று சொன்னபோது இல்லை. போன் வந்ததும் அனுப்பியிருந்தால் அவளுக்கு இருபது நிமிடம் கிடைத்திருக்கும். இந்தக் கணக்கை நீங்கள் போடுவதற்கு முன்பே நான் போட்டுவிட்டேன்.

அந்தக் காட்சி ஒளிபரப்பான மறுநாள் முடிவெட்டும் கடைக்குப் போனேன். "ரெண்டு பேரும் உக்காந்து அழுதோம் சார், நானும் என் சம்சாரமும். பாவம் சார் அந்தப் பொண்ணு. இனிமே திட்ட மாட்டேன்" என்றார். முழு மீசையோடு வெளியே வந்தேன்.

பாப்பா இப்போது வேலைக்கு வருவதில்லை. அவள் அம்மா உங்களுக்கு எழுதிய கடிதத்தைப் படித்தேன். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாளாம், பொய் சொல்கிறாளாம், பள்ளிக்கூடத்தில் எதையோ உடைத்துவிட்டாளாம். வருத்தமாக இருந்தது. ரொம்பச் செல்லம் கொடுத்து வளர்த்தால் இப்படித்தான் ஆகும்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். என்னைச் சங்கத்திலிருந்து நீக்குங்கள், தடுக்க மாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். அந்த நாற்பது விநாடியை மட்டும் அழித்துவிடாதீர்கள், வேறு குரலும் போடாதீர்கள். அப்பா இல்லாத பிள்ளை. அவளுக்காகப் பேச என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? தொடரில் வருகிறவளைச் சொல்கிறேன்.