பதினெட்டு கிராமுக்கு மேல் விடாதவர்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, மறைந்தவரின் துணைவியாரே, ஆய்வுக்கூடத் தோழர்களே, வணக்கம். எழுதி வந்ததைத்தான் வாசிக்கிறேன். நிமிர்ந்தால் பேச்சு நின்றுவிடும். திங்கட்கிழமை படகு புறப்படுவதற்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நம் கள ஆய்வாளர், நாம் எல்லோரும் ‘தராசு’ என்று அழைத்த அந்தப் பெரிய மனிதர்மீது இருபத்தாறு ஆண்டுகள் பொறாமைப்பட்டேன். இன்றும் படுகிறேன். இந்த அரங்கில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. எனக்கு நடக்கும் இரங்கல் கூட்டத்தில் முன்வரிசையாவது நிரம்புமா?

கடற்பறவையின் முதுகில் பதிவுக்கருவி ஒட்டி, அது எப்போது பறக்கிறது, எப்போது மூழ்குகிறது, அதற்கு எவ்வளவு சக்தி செலவாகிறது என்று அறிவது நம் வேலை. அவர் கையில் பறவை அடங்கிக் கிடக்கும், என்னைக் கொத்தும். பதினோரு நாள் நான் கருவி பதிந்த வரைபடத்தோடு மல்லுக்கட்டுவேன். அவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, “இது இரை கிடைக்காம அலைஞ்சிருக்கு சார்” என்பார். சரியாகவே இருக்கும்! என் மனைவிகூட, “அவர் வந்தா வீடே கலகலன்னு இருக்கு. நீங்க பேசினா அறிக்கை வாசிக்கிற மாதிரி இருக்கு” என்றாள். எப்படிப் பொறுப்பது?

அவையெல்லாம் சின்னப் பொறாமைகள்.

அறுநூறு கிராம் பறவைக்குப் பதினெட்டு கிராமுக்கு மேல் சுமை கூடாது. எடைச்சீட்டில் அவரும் நானும் கையெழுத்திட்டால்தான் கருவி படகேறும். ஒரு பருவத்தில் கருவியை மட்டும் நிறுத்துப் பதினேழு என்று எழுதினேன். அவர் ஒட்டும் டேப்பையும் தட்டில் வைத்தார். இருபது!

“இந்த டேப்ப மட்டும் பறவை கூட்டுலயே கழட்டி வெச்சிட்டுப் பறக்குமா சார்?”

“எல்லாரும் இப்படித்தான் பண்றாங்கப்பா.”

“அப்ப அந்த எல்லாரையும் வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க. என்னால முடியாது.”

அந்தப் பருவம் வீணாயிற்று. வேறோர் ஆய்வுக்கூடம் முந்திக்கொண்டது. நான்கு மாதம் அவரோடு நான் பேசவில்லை. அவர் செய்தது தவறு என்றா? இல்லை. ‘முடியாது’ என்ற சொல் அவர் வாயில் எவ்வளவு எளிதாக வந்தது! அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இயக்குநர் அவர்களே, திங்கட்கிழமை போகவிருக்கும் புதிய கருவிகள் டேப்போடு இருபத்தொரு கிராம். “இந்தத் தடவை நீங்க ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும் சார்” என்று நேற்று சொன்னீர்கள். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே பேசிய எல்லோரும் உறுதி கூறினீர்கள். அவருடைய கை எனக்கில்லை, கண்ணும் இல்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். முடியாது. கையெழுத்திட மாட்டேன்.

இதைச் சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போவார். நானோ இன்னும் தாளைவிட்டு நிமிரவில்லை. அதற்கும் சேர்த்தே அவர்மேல் பொறாமைப்படுகிறேன்.